பொறியில் எலி விழுந்த பிறகு
(பகாவ் வட்டார மூத்தோருக்கு ஆற்றிய உரை)

பகாவ் பட்டணத்திலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் தாத்தா பாட்டிகளே, ஐயா அம்மாமார்களே!

நான் டாக்டர் இல்லை. சுகாதாரத் தகவல்களை மலாயிலிருந்து தமிழுக்கு மாற்றித் தருவது என் வேலை. அந்த வேலையில் ஒரு சொல் என்னை யோசிக்க வைத்தது.

நாம் ‘எலிக்காய்ச்சல்’ என்கிறோம். எலி கடித்தால்தான் வரும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மலாயில் அதன் பெயர் ‘கென்சிங் தீக்குஸ்’. அதாவது, எலி மூத்திரம். நோய் இருக்கும் இடத்தை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. எலியின் சிறுநீரில் உள்ள கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் பல நாள் உயிரோடு இருக்கும். நம் கால் வெடிப்பு, கை வெட்டுக்காயம், கண், மூக்கு, வாய் வழியாக உடம்புக்குள் போய்விடும்.

என் பாட்டியும் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்தான். காலையில் பொறியைத் திறந்து, செத்த எலியை வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்கிப் போடுவார். பிறகு அதே கையால் முந்தானையைச் சரிசெய்துகொள்வார். பொறி வைப்பதில் அவர் கெட்டிக்காரர். ஆபத்து இருந்தது அதற்குப் பிறகுதான்.

பொறி வைக்கும் முறை

கித்தா மரம் இருந்த இடமெல்லாம் இன்று செம்பனை. உதிர்ந்த பழம் எலிக்கு விருந்து. தோட்டங்களில் எலியைப் பிடிக்கக் கூகைக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்கள். வீட்டில் அந்த வேலையைப் பொறிதான் செய்ய வேண்டும்.

எலி சுவர் ஓரமாகத்தான் ஓடும். எனவே விசைப்பொறியின் இரை உள்ள முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். ஒரு பலகையைச் சுவரில் சாய்த்து, அதன் மறைவில் பொறியை வைத்தால் எலி பயமில்லாமல் வரும். பூனைக்கும் கோழிக்கும் பாதுகாப்பு. பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுட்ட தேங்காய்த் துண்டு அல்லது கருவாடு நல்ல இரை. புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும்; இரண்டு மூன்று நாள் விசை ஏற்றாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்குங்கள். விரல் நடுங்குகிறவர்கள் விசை ஏற்ற வேண்டாம். மகனையோ மருமகளையோ கூப்பிடுங்கள்.

எலி விழுந்த பிறகு

1. செருப்பும் ரப்பர் கையுறையும் போடுங்கள். கையுறை இல்லையென்றால் ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பைகளைக் கைக்கு மாட்டிக்கொள்ளுங்கள்.
2. ஒரு பங்கு குளோரோக்ஸ், பத்துப் பங்கு தண்ணீர் கலந்து எலியின் மேலும் பொறியின் மேலும் மெதுவாக ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் விடுங்கள். வேறு கழுவும் மருந்து எதையும் அதில் கலக்காதீர்கள்.
3. எலியைப் பையில் போட்டுக் கட்டி, இன்னொரு பையில் போட்டு, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். கால்வாயில் வீசாதீர்கள்.
4. பொறியையும் தரையையும் அதே கலவையால் கழுவுங்கள். எலிப் புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள், நனைத்துத் துடையுங்கள்.
5. கடைசியாகச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாதம் மரத்துப்போனால் காலில் புண் இருப்பதே தெரியாது. வெறுங்காலோடு ஈரத்தில் நிற்காதீர்கள்.

கிளினிக்கில் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்

கிருமி புகுந்தால் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் வரும். ஒரு மாதம் கழித்தும் வரலாம். தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், வாந்தி இருக்கலாம். சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று பனடோல் போட்டுப் படுத்துவிடாதீர்கள். தொடக்கத்திலேயே பார்த்தால் மருந்து இருக்கிறது. தாமதித்தால் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, மூச்சுத் திணறல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்த நோயைக் கண்டால் டாக்டர் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2010 முதல் நம் நாட்டில் கட்டாயம். ஆனால், நீங்கள் எலியைத் தொட்டது அவருக்குத் தானாகத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்: “டாக்டர், போன வாரம் எலிப்பொறியைக் கழுவினேன்.” மலாயில் சொல்ல வரவில்லையா? ‘தீக்குஸ்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லி, கையைக் காட்டுங்கள். அது போதும்.