கியர்ப்பெட்டியின் நோயும் நோய்முதலும்

ஓட்டுநர் கை வைக்காமல் தானே கியர் மாறும் வண்டிகள் இன்று சென்னைத் தெருக்களில் பெருகி வருகின்றன. சுமை ஏற்றும் பிக்கப் வண்டிகளும் இதற்கு விலக்கல்ல. இசுசு நிறுவனத்தின் வி-கிராஸ் 2019ஆம் ஆண்டிலும், டொயோட்டாவின் ஹைலக்ஸ் 2022ஆம் ஆண்டிலும் ஆறு கியர்கள் கொண்ட தானியங்கி அமைப்புடன் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. தியாகராய நகரின் உஸ்மான் சாலை நெரிசலில் அடிக்கொரு தரம் நின்று நகரும் ஓட்டுநருக்கு, இடக்காலுக்கு ஓய்வளிக்கும் இவ்வமைப்பு பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது முரண்டு செய்யத் தொடங்கினால், குறையைக் கண்டறிவது எங்ஙனம்? அதனையே இன்று ஆராய்வோம்.

முதலில் அமைப்பை அறிந்துகொள்வோம். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிராக வைத்து ஒன்றை மட்டும் சுழல விட்டால், அதன் காற்று பட்டு மற்றதும் சுழலக் காண்கிறோம். காற்றுக்குப் பதிலாக எண்ணெயைக் கொண்டு இதே வேலையைச் செய்யும் கருவிக்கு, ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்றார். கப்பல்களுக்கென்று பிறந்த அக்கருத்தே மோட்டார் வண்டிக்குள்ளும் புகுந்தது. எஞ்சினின் ஆற்றலை எண்ணெய் கடத்துகிறது. அதே எண்ணெயின் அழுத்தம் கிளச்சுத் தட்டுகளை இறுக்கிக் கியரை மாற்றுகிறது. எந்த வழி திறக்க வேண்டும், எந்த வழி அடைய வேண்டும் என்பதைக் கணினியின் கட்டளைப்படி சோலினாய்டு என்னும் மின்காந்த வால்வுகள் முடிவு செய்கின்றன. எனவே எண்ணெயே இப்பெட்டியின் குருதி எனலாம்.

மருத்துவர் நாடி பார்த்த பின்னரே மருந்து கூறுவார். இங்கும் எண்ணெயைப் பார்ப்பதே முதற்படியாகும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, தயாரிப்பாளர் குறித்த வெப்பநிலையில் அளவைச் சோதித்தல் வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் அளவுக் குச்சி இல்லாமையால், அடியிலுள்ள திருகைக் கழற்றியே பார்க்க நேரும். எண்ணெய் கருத்துத் தீய்ந்த நாற்றம் வீசினால் கிளச்சுத் தட்டுகள் கருகியிருக்கக்கூடும். பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள்.

இரண்டாவது படி, குறை எப்போது தோன்றுகிறது என்று வினவுதல். எல்லாக் கியர்களிலும் வண்டி வழுக்கினால் எண்ணெய்க் குறைவையோ, பம்பின் தளர்ச்சியையோ ஐயுறலாம். குறிப்பிட்ட ஒரு மாற்றத்தில் மட்டும் அதிர்ந்தால், அதற்குரிய சோலினாய்டையோ கிளச்சையோ நாடுதல் தகும். மூன்றாவது படியாக, கணினியில் பதிவான குறைக் குறியீடுகளை ஸ்கேனரால் படிக்க வேண்டும். ஆனால் குறியீடு ஒரு சாட்சியேயன்றித் தீர்ப்பு அன்று. சோலினாய்டைச் சுட்டும் குறியீட்டுக்கு அறுந்த கம்பியோ, பச்சை பூத்த இணைப்போ காரணமாக இருத்தல் கூடும்.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகளில் வண்டிகள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அத்தகைய காட்சியைக் கண்டோம். அவ்வாறு நனைந்த பிக்கப் ஒன்று சில வாரம் நன்றாக ஓடிய பின், கியர் மாறும்போது குலுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் காற்றுத்துளை வழியே வெள்ளநீர் உள்ளே சென்றிருக்கலாம். நீரோ கிளச்சுத் தட்டின் உராய்வுப் பூச்சை ஊறவைத்து, அதனை ஒட்டியுள்ள பசையைத் தளர்த்திவிடும். எண்ணெயைப் பாராமல் சோலினாய்டை மாற்றினால் பொருள் வீண், குறையும் தீராது. ஒரு முறை எண்ணெய் மாற்றினாலும் போதாது. டார்க் கன்வர்ட்டருக்குள் பழைய எண்ணெய் தங்கிவிடும்.

ஆதலின் வெள்ளத்தில் நின்ற வண்டியை உடனே முடுக்குதல் கூடாது. சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்லுதலும் தீது. எஞ்சின் ஓடாதபோது பம்பும் ஓடாது, உறுப்புகள் எண்ணெயின்றித் தேயும். வண்டியைத் தூக்கி ஏற்றிச் செல்வதே முறை.

சுமைவண்டி ஒரு குடும்பத்தின் பிழைப்பு. தவறான முடிவால் முழுப் பெட்டியையும் மாற்றச் சொன்னால், அக்குடும்பம் கடனில் ஆழும். பழுது பார்ப்பவனின் அவசரத்துக்கு விலை கொடுப்பவன் வேறொருவன் என்பதை மறத்தலாகாது. நோயையும் அதன் காரணத்தையும் தேர்ந்த பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்று மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறை, பட்டறைக்கும் பொருந்தும். எளிதாகச் சோதிக்கக்கூடியதை முதலில் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கண்டதைக் குறித்து வையுங்கள். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பயிலும் இப்பழக்கம், நாளை பிறர் உங்களை நம்பி ஒப்படைக்கும் எப்பணியிலும் துணை நிற்கும்.