கண்ணை மூடி ஒரு சொல்

1970-களில் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் பேண்ட்லரும் ஜான் கிரிண்டரும் உருவாக்கியது என்.எல்.பி. எனும் நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங் என்ற பயிற்சி முறை. அதில் சொல்வதுபோல், இந்தப் பிள்ளை கண்ணால் கற்கும், அந்தப் பிள்ளை காதால் கற்கும் என்று பிரிப்பதை நம்பாதீர்கள். ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை.

ஆனால் எழுத்துப்பிழைக்கு என்.எல்.பி. பயிற்சியாளர்கள் தரும் பயிற்சியிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். 'முயற்சி' என்று எழுதச் சொன்னால், எத்தனை பிள்ளைகள் நடுவில் ஒரு 'ச்' சேர்த்துவிடுகிறார்கள்! சரியான சொல்லைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். நன்றாகப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, மனத்துக்குள் அந்தச் சொல்லைக் கொண்டுவரட்டும். கண்ணை இடப்பக்கம் மேலே உருட்டச் சொல்வார்கள், அது வேண்டாம். பிறகு பலகையில் உள்ளதை அழித்துவிடுங்கள். இப்போது பார்க்காமல் எழுதட்டும். பிறகு தானே ஒப்பிட்டுத் திருத்தட்டும். மறுநாள் காலையில், சொல்லித் தராமலே, அதே சொல்லை மறுபடி எழுதச் சொல்லுங்கள்.