பயணத்தை யாருக்காகப் பதிவு செய்கிறோம்?



ஆகஸ்ட் 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடி ஏறிவிட்டால், வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கமிருந்தும் வேனிலும் பேருந்திலும் நம் குடும்பங்கள் புறப்பட்டுவிடும். புறப்பட முடியாதவர்களும் வீட்டில் இருப்பார்கள். முழங்கால் வலியுள்ள பாட்டி, காணிக்கையைத் துணியில் முடிந்து நம்மிடம் கொடுத்தனுப்புவார். திரும்பி வந்ததும் அவர் கேட்பது இரண்டே கேள்விகள்: "எனக்காக வேண்டிக்கிட்டியாப்பா? பூசையில சாமி என்ன பிரசங்கம் வச்சாரு?" நம் கைப்பேசியில் நானூறு படங்கள் இருக்கும். இந்த இரண்டுக்கும் பதில் இருக்காது.

தேர் வரும்போது நாம் கைப்பேசியை உயர்த்துகிறோம். பின்னால் நிற்கும் சிறு பிள்ளைக்கு மாதா தெரிவதில்லை, நம் கைதான் தெரிகிறது. 2017 நவம்பர் 8-ஆம் நாள் தமது பொது மறைக்கல்வியில் திருத்தந்தை பிரான்சிஸ் இதைக் குறித்து வருந்திப் பேசினார். திருப்பலியில் குரு நம் இதயங்களை எழுப்பவே அழைக்கிறார், கைப்பேசிகளை அல்ல என்றார். குருக்களும் ஆயர்களும்கூட அப்படிச் செய்வதைச் சுட்டிக்காட்டினார். ஆகவே அது நம் எல்லாருக்கும் சொன்ன சொல்.

அப்படியானால் பயணத்தைப் பதிவு செய்யவே கூடாதா? செய்ய வேண்டும். கேரளத்தின் பாறேம்மாக்கல் தோமா கத்தனார் என்னும் குரு, 1778-இல் கரியாட்டில் யோசேப்பு என்னும் குருவுடன் உரோமைக்குப் புறப்பட்டார். மலபார்க் கிறிஸ்தவர்களின் குறைகளைத் திருத்தந்தையிடம் எடுத்துச் சொல்லவே அந்தப் பயணம். சென்னையில் கப்பல் ஏறி, லிஸ்பன் வழியாக உரோமை சென்று, ஊர் திரும்ப எட்டு ஆண்டுகள் ஆயின. லிஸ்பனில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட கரியாட்டில், 1786-இல் கோவா வரை வந்து, சொந்த மண்ணை மிதிக்காமலே இறந்தார். மக்கள் காத்திருந்த பேராயர் வரவில்லை. ஆனால் கத்தனார் எழுதிய 'வர்த்தமானப்புத்தகம்' அவர்களுக்குக் கிடைத்தது. யாரைக் கண்டோம், என்ன கேட்டோம், எங்கே அவமதிக்கப்பட்டோம் என்று, தம்மை அனுப்பிய மக்களுக்கு அதில் கணக்கு ஒப்படைத்தார். இந்திய மொழிகளில் எழுந்த முதல் பயண நூல்களுள் ஒன்றான அது, 1936-இல் அச்சேறியது.

நம்மையும் அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இந்த ஆண்டு ஒன்று செய்வோம். கோவில் முன்பு குடும்பமாக ஒரு படம் எடுத்துக்கொள்வோம். அவசர அழைப்புக்கு ஒருவர் கைப்பேசி வெளியே இருக்கட்டும், மற்றவை பைக்குள் போகட்டும். இரவு செபமாலை முடிந்ததும் ஒரு நோட்டில் நாலு வரி எழுதுவோம்: வழியில் தண்ணீர் தந்தவர் யார், யார் யாருக்காக வேண்டினோம், மறையுரையில் மனதைத் தொட்டது எது. பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு வரி எழுதட்டும். எழுத வேண்டும் என்ற நினைப்பு இருந்தாலே பகலில் கண்ணும் காதும் விழித்திருக்கும்.

இடையர்கள் சொன்னதையெல்லாம் அன்னை மரியா உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார் என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது. நாமும் இருத்திக்கொள்வோம். வீடு திரும்பியதும், படங்களை ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன்னால், பாட்டியின் கட்டிலருகே உட்கார்ந்து அந்த நோட்டை வாசித்துக் காட்டுவோம். வர முடியாதவரும் அப்போது நம்மோடு திருப்பயணம் செய்தவர் ஆவார்.

ஆரோக்கிய அன்னை நமக்கு வழித்துணையாக இருப்பாராக. ஆமென்.