மார்பகச் சுயபரிசோதனை: மாதம் ஒரு நாள்

(கிராம மகளிர் விவாதக் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வரப்பில் நின்று பார்த்தால் நெற்பயிர் பச்சைப்பசேலென்றுதான் தெரியும். வயலில் இறங்கித் தூரைப் பிரித்துப் பார்த்தால்தான் அடித்தண்டில் புகையான் இருப்பது புலப்படும். வரப்பிலிருந்தே பயிர் தீய்ந்து தெரியும் நாளில் சேதம் பெரிதாகியிருக்கும். பயிருக்கு நாம் காட்டும் இந்தக் கவனத்தை, வீட்டுப் பெண்களின் உடல்நலத்திலும் காட்ட வேண்டும்.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கே. 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் இந்தியப் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. வலி இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தாய், புரட்டாசி நடவின்போது பாக்கு அளவுக் கட்டியொன்றைக் குளிக்கையில் உணர்ந்தார். களை எடுப்பு முடியட்டும் என்றார். பிறகு அறுவடை, பிறகு பொங்கல். மகளிடம்கூடச் சொல்லவில்லை. மாசியில் மருத்துவரிடம் சென்றபோது அக்குளிலும் கட்டி வந்திருந்தது. சிகிச்சை நீண்டது, துன்பமும் செலவும் கூடின. "சொல்ல வெட்கமாக இருந்தது" என்றார் அந்தத் தாய். இந்த வெட்கத்தைத்தான் நாம் முதலில் களைய வேண்டும்.

எப்போது பார்ப்பது?

20 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். மாதவிலக்கு நின்ற சில நாட்களில் மார்பகம் மிருதுவாக இருக்கும். அதுவே ஏற்ற சமயம். மாதவிலக்கு அறவே நின்றுவிட்டவர்கள் ஏதேனும் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். அமாவாசையன்று ஏர் பூட்டாத ஊர்களில் அந்நாளையே வைத்துக்கொண்டால் மறக்காது.

எப்படிப் பார்ப்பது?

1. கண்ணாடி முன் நின்று, கைகளைத் தொங்கவிட்டும், தலைக்கு மேல் உயர்த்தியும், இடுப்பில் ஊன்றியும் பாருங்கள். அளவிலோ வடிவிலோ புதிய மாற்றம், தோலில் குழிவு, ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற தடிப்பு, காம்பு புதிதாக உள்ளிழுத்தல், ஆறாத புண் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

2. குளிக்கும்போது சோப்பு நுரையுடன், வலக்கையின் நடு மூன்று விரல்களைத் தட்டையாக வைத்து இடது மார்பகத்தைச் சிறு வட்டங்களாகத் தடவிப் பாருங்கள். முதலில் மெதுவாகவும், பின்னர் சற்று அழுத்தியும் பார்க்க வேண்டும். காறை எலும்பு முதல் மார்பின் கீழ்வரை ஓரிடமும் விடாமல் பார்த்து, அக்குளையும் பாருங்கள். அவ்வாறே இடக்கையால் வலப்புறம் பாருங்கள்.

3. பின்னர், தோளின் கீழ்த் தலையணை வைத்துப் படுத்து, மீண்டும் ஒரு முறை பாருங்கள்.

இதற்குப் பத்து நிமிடம் போதும். இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் உடலின் இயல்பு உங்களுக்கே பழகிவிடும். அதன்பின் புதிய மாற்றம் எளிதில் தெரியும்.

மாற்றம் தெரிந்தால்?

அஞ்ச வேண்டாம். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் எது எது என்று நம் விரல் சொல்லாது. பற்றுப் போடுதல், சூடு ஒத்தடம், கட்டியைப் பிசைதல் இவற்றில் நாள் கடத்தாமல் அந்த வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள். காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலும் அப்படியே. ஊசி மூலம் சதை எடுத்துப் பரிசோதித்தால் நோய் பரவிவிடும் என்பது தவறான எண்ணம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பலருக்கு மார்பகத்தை அகற்றாமலேயே சிகிச்சை செய்ய இயலும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சீனாவின் ஷாங்காய் நகரில் ஆலைத் தொழிலாளிப் பெண்கள் ஏறத்தாழ 2 இலட்சத்து 66 ஆயிரம் பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளியாயிற்று. சுயபரிசோதனையைக் கற்றுக்கொடுத்ததால் மட்டும் இந்நோயால் இறப்போர் தொகை குறையவில்லை என்று அது காட்டியது. ஆகவே கையால் பார்த்து ஒன்றும் இல்லை என்று இருந்துவிடக் கூடாது. 30 வதைக் கடந்த பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அங்கே இது இலவசம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும்.

இங்கு வந்துள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியோ தாயோ தயங்கித் தயங்கி இதைச் சொன்னால், "அறுப்பு முடியட்டும்" என்று சொல்லாதீர்கள். மறுநாளே உடன் அழைத்துச் செல்லுங்கள். அறுப்புக்கு ஆள் கிடைக்கும். அவருக்கு மாற்று ஆள் கிடையாது.