அமெரிக்க மருத்துவமும் மக்கள் மனப்பான்மையும்



செல்வத்தில் முதன்மை பெற்ற நாடு அமெரிக்கா. தன் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 17 விழுக்காட்டை அது மருத்துவத்திற்கே செலவிடுகிறது. ஆயினும் 2023ஆம் ஆண்டில் அங்கு ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் மக்கள் மருத்துவக் காப்பீடின்றி வாழ்ந்தனர். பணம் மிகுந்த நாட்டில் இக்குறை ஏன் நேர்ந்தது?

1929ஆம் ஆண்டு டாலஸ் நகரத்துப் பேலர் மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்களுக்கென ஒரு திட்டம் வகுத்தது. மாதம் 50 சென்ட் செலுத்துவோர் 21 நாள்வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம். பின்னர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசு ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தது. கூலியை உயர்த்த இயலாத முதலாளிகள் காப்பீட்டைக் காட்டித் தொழிலாளரை ஈர்த்தனர். முதலாளி செலுத்தும் காப்பீட்டுத் தொகைக்கு வரி இல்லையென 1954ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. இவ்வாறு வேலையும் மருத்துவமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன. மருத்துவம் உழைப்பின் பரிசு என்னும் எண்ணம் வேரூன்றியது. செய்யும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனிக் கட்டணம் என்ற வழக்கமோ, நோய் வருமுன் காப்பதைவிட வந்தபின் மிகுதியாகச் செய்வதையே ஆதாயமாக்கியது.

அனைவர்க்கும் காப்பீடு வேண்டுமென 1945ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ட்ரூமன் முன்மொழிந்தார். அமெரிக்க மருத்துவர் சங்கம் அதனைச் 'சமவுடைமை மருத்துவம்' எனக் கூறி எதிர்த்தது, திட்டம் வீழ்ந்தது. மறு ஆண்டே மருத்துவமனை கட்ட நிதி வழங்கிய ஹில்-பர்ட்டன் சட்டம், வெள்ளையர்க்கும் கறுப்பின மக்களுக்கும் தனித்தனி இடம் அமைக்க இசைவளித்தது. பொதுப் பணத்திலேயே பிரிவினைச் சுவர் எழுந்தது!

கிரீன்ஸ்பரோ நகரத்துப் பல்மருத்துவர் ஜார்ஜ் சிம்கின்சும் தோழர்களும் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். அவ்விசைவு அரசியலமைப்புக்கு முரணானது என 1963ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு நிதி பெறும் நிறுவனம் இனவேற்றுமை பாராட்டலாகாது என 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டம் விதித்தது. 1965இல் முதியோர்க்கான 'மெடிகேர்' காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. சுவரை அகற்றாத மருத்துவமனைக்கு அப்பணம் இல்லை என்றது அரசு. 1966ஆம் ஆண்டில் சில திங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் தம் கதவைத் திறந்தன. பல்லாண்டு அறிவுரைக்கு இளகாத நெஞ்சங்கள், நிதி விதி மாறியதும் இளகின!

மனம் மாறட்டும், பின்னர் விதியை மாற்றலாம் என்போர்க்கு இவ்வரலாறே விடை. இன்றும் அந்நாட்டில் 65 வயது நிரம்பியோர்க்கு மெடிகேர் துணை நிற்க, உழைக்கும் வயதினர் பலர்க்கு வேலை போனால் காப்பீடும் போகிறது. அக்கயிறு மனிதர் கட்டியது. மனிதரால் அவிழ்க்கவும் கூடும்.

மாணவச் செல்வங்களே! ஓர் ஏற்பாடு இயற்கையானது என எவரேனும் கூறினால், அதன் விதியை எழுதியவர் யார், அதனால் ஆதாயம் பெறுபவர் யார் என்று கேளுங்கள். அவ்வாறு கேட்கத் துணிவு தருவதே கல்வி.