தேநீர் சுவைக்கும் இரு முறைகள்

கொழும்பிலே தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு தொடங்கிற்று. அங்கு விலைபோகும் தேயிலையைச் சுவைஞர் நாவினாலேயே மதிப்பிடுகின்றார். சர்வதேச நியமப்படி, மூடியுள்ள வெண்பீங்கான் குவளையில் 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை இட்டு, 6 நிமிடம் ஊறவைத்து, சாயத்தைக் கிண்ணத்தில் வடிப்பர். சீனி சேர்ப்பதில்லை. சுவைஞர் கரண்டியால் முகந்து, ஓசையெழக் காற்றோடு உறிஞ்சி, நாவிற் பரவவிட்டு, உமிழ்ந்துவிடுவார்.

மலைநாட்டு லயங்களில் முறை வேறு. விடியுமுன் கேத்தில் கொதித்ததும் தூளிட்டு வடித்து, உள்ளங்கைச் சீனியைச் சிறிது சிறிதாக நாவிலிட்டு வெறுந்தேநீர் பருகிய பின்னரே பெண்கள் கொழுந்து பறிக்கச் செல்வர். நல்ல தேயிலையிற் பெரும்பகுதி கப்பலேறுகின்றது. பறித்தவளுக்கு எஞ்சுவது பெரும்பாலும் தூளே. நேயர்களே, அவள் கோப்பையில் உமிழ்வதற்கென ஒரு துளியும் இல்லை.