விரல்கள் அறிந்த எழுத்து: விசைப்பலகைக் கைபேசிகளும் தமிழும்



மொழி குறித்த பொழிவு வரிசையில் கைபேசியைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். ஓலையும் எழுத்தாணியும், தாளும் மையும், அச்சுக்கோப்பும் எழுத்தின் வரலாற்றுக்கு உரியன என்றால், கடந்த கால் நூற்றாண்டில் மக்கள் நாள்தோறும் எழுதிய கருவியும் அவ்வரலாற்றுக்கு உரியதே. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அக்கருவியின் ஒரு வகை. திரைக்குக் கீழே உண்மையான விசைகள் பதிக்கப்பெற்ற தொடக்கக் காலத் திறன்பேசி. அது வழக்கிழந்து ஆண்டுகள் பல ஆயினும் அதன்மீதுள்ள ஏக்கம் மறையவில்லை. அந்த ஏக்கம் எதனைக் குறித்தது? தமிழில் எழுதுவோர்க்கு அதில் எவ்வளவு பங்கு உண்டு? தமிழ் கற்பிப்போர் அதனின்று பெறத்தக்கது யாது? இம்மூன்று வினாக்களையும் முறையே காண்போம்.

கருவியின் வரலாறு

1996ஆம் ஆண்டு நோக்கியா நிறுவனம் 9000 கம்யூனிகேட்டர் என்னும் கைபேசியை வெளியிட்டது. மூடியிருக்கையில் அது தொலைபேசி. நீளவாக்கில் திறந்தால் உள்ளே அகன்ற திரையும் முழு விசைப்பலகையும் இருக்கும். 1999இல் கனடா நாட்டின் வாட்டர்லூ நகரிலிருந்து பிளாக்பெர்ரி என்னும் பெயருடன் மின்னஞ்சல் கருவியொன்று வந்தது. 2002இல் அதனுடன் தொலைபேசியும் இணைந்தது. இரு கட்டைவிரல்களால் எழுதுவதற்கென்றே அதன் சிறு விசைகள் அமைந்திருந்தன. பேருந்திலும் தொடர்வண்டியிலும் அலுவலகத்தார் தலைகுனிந்து இரு கட்டைவிரல்களையும் இயக்கும் காட்சி அக்காலத்தில் பெருநகரங்களின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று.

2007 சனவரியில் ஐபோனை அறிமுகம் செய்த ஸ்டீவ் ஜாப்ஸ், விசைப்பலகைக் கைபேசிகளின்மீது முதன்மையானதொரு குறையைச் சுட்டினார். நெகிழியில் வார்த்த விசைகள் தேவைப்படும்போதும் தேவைப்படாதபோதும் அங்கேயே இருக்கும். ஒவ்வொரு செயலிக்கும் ஏற்ப அவற்றை மாற்ற இயலாது என்பது அவர் வாதம். இவ்வாதம் தமிழுக்கு எத்துணை நெருக்கமானது என்பதைப் பின்னர்க் காண்போம். 2008இல் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் திரைக்கு அடியிலிருந்து நழுவி வெளிவரும் விசைப்பலகை இருந்தது. எனினும் சில ஆண்டுகளுக்குள் தொடுதிரை முழுமையாக வென்றது. 2022 சனவரி 4ஆம் நாள் பழைய பிளாக்பெர்ரிகளுக்கான சேவைகள் நிறுத்தப்பட்டன. ஆயினும் 2024இல் ஐபோனுக்குக் கீழே பொருத்திக்கொள்ளும் விசைப்பலகை உறையொன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ஏக்கம் வெறும் பேச்சளவில் நிற்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஏக்கத்தின் பொருள்

அக்கருவிகளைப் பயன்படுத்தியோர் அவற்றின் அழகையோ விரைவையோ முதலிற் கூறுவதில்லை. பாராமலே எழுத முடிந்தது என்பதைத்தான் கூறுகிறார்கள். ஒவ்வொரு விசைக்கும் விளிம்பு உண்டு. அழுத்தினால் உள்ளே சென்று மீளும். விரல் தன் இடத்தைத் தானே அறிந்துகொள்ளும். இடைவெளி விசையை இருமுறை தட்டினால் முற்றுப்புள்ளி விழும். எழுத்தை அழுத்திப் பிடித்தால் பேரெழுத்தாகும். இவையெல்லாம் சில கிழமைகளில் கைப்பழக்கமாகிவிடும். அதன்பின் கண் விசையை விட்டு விலகி எழுதும் சொற்களின்மேல் நிற்கும்.

இது மொழியியலார்க்கு மிகவும் பழக்கமான ஒரு செய்தி. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக உளவியலாளர்கள், விரைவாகத் தட்டச்சு செய்ய வல்லவர்களிடம் வெற்றுப் பலகைப் படத்தைக் கொடுத்து எழுத்துகளை உரிய இடத்தில் நிரப்பச் சொன்னார்கள். 26 எழுத்துகளுள் சராசரியாக 15 மட்டுமே சரியான இடத்தில் அமைந்தன. விரல் தவறாது அறிந்ததை நாவால் சொல்ல இயலவில்லை. நம் வீட்டுக் குழந்தையும் இவ்வாறே. 'மரம்' என்பதனோடு 'கள்' சேர்த்தால் 'மரங்கள்' என்று பிழையின்றிச் சொல்லும். மகரம் ஙகரமாகத் திரிந்தது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. இலக்கணம் மனத்தில் தங்கியிருப்பதுபோல எழுத்தின் இருப்பிடம் விரலில் தங்கியிருக்கிறது. இரண்டும் பயிற்சியால் வந்தவை. இரண்டும் எண்ணாமல் இயங்குபவை.

கண்ணாடித் திரையில் விளிம்பு இல்லை. விரல் எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணே சொல்ல வேண்டியிருக்கிறது. விரல் பிறழ்ந்தால் திருத்துவதற்கு இயந்திரம் வருகிறது. அது தானே ஒரு சொல்லைத் தெரிவு செய்து இடுகிறது. இதனால் நன்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், எழுத்துக்கு எழுத்து எழுதுபவரே பொறுப்பேற்ற நிலை மாறிவிட்டது. விசைப்பலகைக் கைபேசிக்காக ஏங்குவோர், பெயரிட்டுச் சொல்லாவிடினும், இந்தப் பொறுப்புணர்வுக்காகவே ஏங்குகிறார்கள் என்று கருதுகிறோம்.

தமிழுக்கு இருந்த பங்கு

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். அந்த விசைகளின்மேல் எந்த எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன? நம் வட்டாரத்தில் விற்ற அக்கருவிகளில் இருந்தவை உரோமன் எழுத்துகளே. தமிழர் அவற்றில் தமிழை எழுதினர். ஆனால் உரோமன் எழுத்தில் எழுதினர். அதன் விளைவை ஆசிரியர்கள் நன்கறிவார்கள். மனம், மணம், மானம் ஆகிய மூன்றும் அங்கே ஒரே எழுத்துக்கூட்டு. வலி, வழி, வளி ஆகியவையும் அவ்வாறே. கலை, களை, காலை, காளை என்னும் நான்கையும் இடம் நோக்கித்தான் பிரித்தறிய வேண்டும். லகர ளகர ழகர வேறுபாடும், னகர ணகர வேறுபாடும், குறில் நெடில் வேறுபாடும் ஒருங்கே மறைந்த ஓர் எழுத்துமுறையில் ஒரு தலைமுறை தன் அன்றாடத் தமிழை எழுதிப் பழகியது.

குறுஞ்செய்தியின் அமைப்பும் இதற்குத் துணை நின்றது. ஒரு குறுஞ்செய்தியில் உரோமன் எழுத்தாயின் 160 குறிகள் அடங்கும். தமிழாயின் 70 மட்டுமே. அந்த 70இலும் புள்ளிக்கும் உயிர்மெய்க் குறிகளுக்கும் தனித்தனி இடம் வேண்டும். நாம் ஐந்தெழுத்தாக எண்ணும் 'வணக்கம்' அங்கே ஏழு இடங்களை எடுத்துக்கொள்ளும். செய்தி நீண்டால் இரண்டாகும், கட்டணமும் இரண்டாகும். இத்தடைகளுக்கு நடுவிலும் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005ஆம் ஆண்டு பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டு, கைபேசியில் தமிழ் எழுத்திலேயே குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்தது.

தமிழை விசையில் ஏற்றும் முயற்சி நம் வட்டாரத்துக்குப் புதியதன்று. தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்த யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா 1907இல் மலாயாவுக்கு வந்து, பின்னர்ச் சிங்கப்பூரில் பணிபுரிந்தவர். 247 எழுத்துகளை ஒரு சிறு பொறியில் எவ்வாறு அடக்குவது என்பதே அவர்முன் நின்ற சிக்கல். அழுத்தினாலும் தாள் நகராத நகரா விசைகளைக் கொண்டு மேற்குறிகளை எழுத்தோடு இணைத்து அவர் அதற்கு விடை கண்டார். பின்னர்க் கணினிக் காலத்தில், நா. கோவிந்தசாமி முன்னின்று 1997இல் சிங்கப்பூரில் நடத்திய தமிழ்நெட் மாநாடு, பொதுத் தரம் வேண்டும் என்னும் உரையாடலை உலகத் தமிழரிடையே வலுப்படுத்தியது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை அடுத்துத் தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றது.

அந்தத் தமிழ்99 கட்டைவிரல் கைபேசிகளில் அமையவில்லை. காரணம் எளிய கணக்கு. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகள் அதற்கு வேண்டும். கைபேசியில் எழுத்துக்கென இருந்தவை 26. கணினியில் மற்ற ஐந்து மெய்களும் நிறுத்தக்குறி விசைகளில் அமர்ந்துகொள்ளும். சிறு கைபேசியில் அவற்றுக்குத் தனி விசைகள் இல்லை. நெகிழியில் வார்த்ததை மாற்ற இயலாது என்ற வாதம் தமிழைப் பொறுத்தவரை முற்றிலும் மெய்யாயிற்று. கண்ணாடித் திரை வந்த பின்னரே விசையின்மேல் அகரமும் ககரமும் தோன்றின. ஆகவே, பழைய கருவிக்காக ஏங்கும் தமிழர் இரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும். விரலுக்கு அது தந்த உறுதி பெரிது. தமிழ் எழுத்துக்கு அது இடம் தரவில்லை.

வகுப்பறைக்கு உரியது

இன்று நம் மாணவர் நிலை என்ன? திரையில் தமிழ் விசைமுகம் இருக்கிறது. இருந்தும் பலர் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்கின்றனர். அல்லது பேசி எழுத்தாக்கிக்கொள்கின்றனர். முன்னதில் மாணவன் 'பழம்' என்று எழுத, ழகரத்துக்கு உரிய ஆங்கில எழுத்து எது என்று எண்ணுகிறான். தமிழ்ச்சொல் மனத்திலிருந்து திரைக்கு வரும் வழியில் வேறொரு நெடுங்கணக்கைக் கடக்கிறது. பின்னதில் எந்த லகரம் என்னும் முடிவை இயந்திரத்திடம் விட்டுவிடுகிறான். இரண்டிலும் எழுத்துவேறுபாடு கையில் பதிவதில்லை.

தமிழ்99 பலகையைச் சற்று உற்று நோக்குங்கள். இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். நடுவரிசையில் அ, இ, உ, எ. அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ, ஏ. குறிலுக்குமேல் அதன் நெடில். வலப்புறம் டகரத்தின் அருகே ணகரம், தகரத்தின் அருகே நகரம், பகரத்தின் அருகே மகரம், றகரத்தின் அருகே னகரம், சகரத்தின் அருகே ஞகரம். இலக்கணம் கூறும் இனவெழுத்துகள் இங்கே அண்டை வீட்டார். ககரத்தை இருமுறை தட்டினால் முதலதன்மேல் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகும். ஙகரத்தை அடுத்துக் ககரம் தட்டினால் 'ங்க' ஆகும். தமிழ்ச்சொல்லில் எம்மெய்க்குப்பின் எம்மெய் வரும் என்னும் மெய்ம்மயக்க விதி பலகைக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. 'பந்து' என்று தட்டும் மாணவன், தகரத்தின் முன் நிற்பது நகரமே என்பதை விரலால் கற்கிறான். அங்கே னகரம் இட வேண்டுமாயின் அவன் பலகையின் மற்றொரு வரிசைக்குச் செல்ல வேண்டும்.

நாள் முழுதும் ஆங்கிலத்தில் தட்டுகின்ற பிள்ளைக்கு மற்றொரு பலகை சுமையன்றோ என்று கேட்கப்படுகிறது. நேர்மையான வினா இது. 31 இடங்களைக் கற்பது சுமைதான். ஆனால், அது ஒருமுறை சுமக்கும் சுமை. ஒவ்வொரு சொல்லையும் வேற்றெழுத்தின் வழியே மாற்றிக்கொண்டிருப்பது வாழ்நாள் முழுதும் சுமக்கும் சுமை. மேலும் இப்பயிற்சியைக் கண்ணாடித் திரையில் தொடங்குவது பயன் தராது. விரல் கற்பதற்கு விளிம்பு வேண்டும் என்பதே பழைய கைபேசிகள் நமக்கு விட்டுச்சென்ற பாடம். பள்ளியின் கணினியறையில், அழுத்தினால் மீளும் விசைகளில், எழுத்துகளை ஒட்டுத்தாளில் ஒட்டியேனும், நாளொன்றுக்குப் பத்து நிமிடம் பழக்கலாம். முதற்கிழமை உயிரெழுத்துகள், அடுத்து இனவெழுத்து இணைகள், பின்னர் ல, ள, ழ அமைந்த சொல் வரிசைகள். சொல்வதெழுதலைக் கையாலும் விசையாலும் மாறிமாறி நடத்தலாம். கையெழுத்தை இது விலக்காது. கையெழுத்தில் கற்ற வேறுபாட்டை இது நிலைநிறுத்தும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பெற்றோரின் இழுப்பறையில் பழைய விசைப்பலகைக் கைபேசி ஒன்று கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அதன் விசைகளைத் தொட்டுப் பார்த்தால், அதைப் பயன்படுத்தியோர் ஏன் இன்னும் அதனைப் புகழ்கிறார்கள் என்பது விளங்கும். அதன்மேல் தமிழ் எழுத்து உண்டா என்றும் தேடிப் பாருங்கள். அவர்களுக்குக் கிட்டாத தமிழ் விசை இன்று உங்கள் கையில் இருக்கிறது. அதனை விரலறியப் பழகிக்கொள்ளுதல் உங்கள் கடமை. பழக்கித் தருதல் ஆசிரியர்களின் கடமை. அப்பயிற்சியை வரும் பள்ளித் தவணையிலேயே தொடங்குமாறு வேண்டி அமைகிறோம்.